பழைய பைக்கில் பேட்டரி நிக்கவே மாட்டேங்குதா? சார்ஜிங் வயரிங்கை மாத்துறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கோங்க!

மழை விட்ட ஒரு சாயங்காலம். அடையாறு திரு.வி.க. பாலத்தில் ஆபீஸ் விட்டு வரும் கூட்டம். நடுவில் ஒரு பழைய புல்லட். ஹெட்லைட் மஞ்சளும் இல்லாமல் சிவப்பும் இல்லாமல் மினுங்குகிறது. ஹார்ன் அடித்தால் தொண்டை கட்டினவர் கூப்பிடுவதுபோல ஒரு சத்தம். சிக்னலில் நின்றதும் வண்டி ஆஃப். பின்னால் வந்த பஸ்ஸுக்கு இவருடைய டெயில் லைட்டே தெரியவில்லை.

இவரிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "புது பேட்டரி போட்டு மூணு மாசம்தாங்க ஆச்சு!"

பேட்டரி போட்டும் பேட்டரி நிற்கவில்லை என்றால் கோளாறு பேட்டரியில் இல்லை. அதை நிரப்ப வேண்டிய ஏற்பாட்டில் இருக்கிறது. அதாவது சார்ஜிங் சிஸ்டம். 20, 30, 40 வருஷம் ஓடிய வண்டிகளில் இந்த வயரிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற கட்டம் வரும். என்னத்தை மாற்றுகிறோம், ஏன் மாற்றுகிறோம் என்று தெரியாமல் மாற்றினால் காசும் போகும், காயிலும் போகும். சில நேரம் வண்டியே எரியும்.

முதலில் ஒரு சின்ன மெட்ராஸ் கதை

இந்த விஷயத்துக்கும் நம்ம ஊருக்கும் நெருங்கிய சம்பந்தம் இருக்கு. 1955-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம், மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கியது. முதலில் அங்கிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் வந்து, திருவொற்றியூர் தொழிற்சாலையிலேயே முழு புல்லட்டும் தயாரானது. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மூடப்பட்ட பிறகும் மெட்ராஸில் புல்லட் வந்துகொண்டே இருந்தது.

அதேபோல, பிரிட்டிஷ் வண்டிகளுக்கு டைனமோவும் ஆல்டர்னேட்டரும் செய்துகொடுத்த லூகாஸ் நிறுவனம், டி.வி.எஸ்.ஸுடன் கூட்டு சேர்ந்து 1961-ல் தொடங்கியதுதான் பாடியில் இருக்கும் லூகாஸ் டி.வி.எஸ். அந்தப் பக்கம் மைசூரில் 1960 முதல் ஐடியல் ஜாவா. 1973-க்குப் பிறகு அதே வண்டி 'யெஸ்டி' என்ற பெயரில் வந்தது, 1996-ல் கம்பெனி மூடப்பட்டது.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா, இன்றைக்கும் மயிலாப்பூர் மாடவீதியிலும் மேற்கு மாம்பலம் சந்துகளிலும் ஓடுகிற பழைய வண்டிகளின் மின்சார மூளை, 1950-களின் இங்கிலாந்திலும் செக்கோஸ்லோவாக்கியாவிலும் யோசிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் ராத்திரி ஹெட்லைட் போட்டால் போதும். பகலிலும் லைட், மொபைல் சார்ஜர், நாலு இண்டிகேட்டர், டபுள் ஹார்ன் என்று யாரும் கேட்கவில்லை.

சார்ஜிங் சிஸ்டம்னா உள்ளே என்னதான் இருக்கு?

ரொம்ப சுலபமாகச் சொன்னால் நாலு பேர் வேலை செய்யும் ஒரு குடும்பம்.

இன்ஜின் சுற்றும்போது கூடவே ஒரு காந்தமும் சுற்றுகிறது. மெக்கானிக் ஷெட்டில் இதை 'மேக்னட்' என்பார்கள். அதற்குப் பக்கத்தில் அசையாமல் இருப்பது செம்புக் கம்பி சுற்றிய காயில், அதாவது ஸ்டேட்டர். காந்தம் சுற்றச் சுற்ற காயிலில் கரண்ட் பிறக்கும். ஆனால் அது ஏ.சி., முன்னும் பின்னுமாக ஓடும் கரண்ட். பேட்டரிக்கு ஒரே திசையில் போகிற டி.சி. தான் வேண்டும். அதை மாற்றித் தருவது ரெக்டிஃபையர்.

இன்ஜின் வேகமாகச் சுற்றினால் வோல்டேஜும் ஏறிக்கொண்டே போகும். அதை ஒரு அளவில் பிடித்து நிறுத்துவது ரெகுலேட்டர். இப்போதைய வண்டிகளில் இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கும். கடையில் 'ஆர்.ஆர். யூனிட்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

பழைய வண்டிகளில் இந்த ரெகுலேட்டர் சமாச்சாரம் ரொம்ப வேடிக்கை. லூகாஸ் ஆல்டர்னேட்டர் வைத்த 6 வோல்ட் பிரிட்டிஷ் வண்டிகளில் தனியாக ரெகுலேட்டரே கிடையாது! லைட் சுவிட்சுதான் ரெகுலேட்டர். லைட் ஆஃப் என்றால் சில காயில்கள் மட்டும் பேட்டரிக்கு வேலை செய்யும். ஹெட்லைட் போட்டால் எல்லா காயிலும் சேர்ந்துகொள்ளும். மிச்சம் மீதியை பேட்டரி தாங்கிக்கொள்ள வேண்டியதுதான். பகலில் மகாபலிபுரம் வரை ஒரே ஓட்டமாகப் போய்வந்தால் பேட்டரித் தண்ணி குறைந்திருப்பதன் ரகசியம் இதுதான். ரெக்டிஃபையரும் இப்போதுபோல சிலிக்கான் இல்லை. வட்டத் தகடுகளை அடுக்கிக் கோத்த செலினியம் ரெக்டிஃபையர். வயதானால் அதன் வழியாகவே சார்ஜ் பின்னோக்கிக் கசியும். வண்டியை நிறுத்தி வைத்திருந்தாலே பேட்டரி இறங்கும்.

ஜாவா, யெஸ்டி கதை வேறு. அங்கே டைனமோ. கார்பன் பிரஷ் தேய்த்துத் தேய்த்து நேரடியாக டி.சி. எடுக்கும். கூடவே ஒரு 'கட்-அவுட்' பெட்டி. உள்ளே சின்ன காந்தமும் பாயிண்டும் டக் டக் என்று ஒட்டி விலகும். பிரஷ் தேய்ந்தாலோ, பாயிண்ட் கருகினாலோ சார்ஜ் நின்றுவிடும். இது வயரிங் கோளாறே இல்லை. ஆனால் பல பேர் இதற்காக முழு வயரிங்கையும் மாற்றிவிட்டு "அப்பவும் சரியாகல" என்று வந்து நிற்பார்கள்.

இன்னொன்றும் தெரிய வேண்டும். ஆர்எக்ஸ் 100 மாதிரியான வண்டிகளில் தீப்பொறிக்குத் தனி காயில் உண்டு. பேட்டரியே இல்லாமல் கிக் அடித்தால் ஓடும். பாயிண்ட், இக்னிஷன் காயில் வைத்த பழைய புல்லட் அப்படியில்லை. தீப்பொறிக்கும் பேட்டரிதான் கரண்ட் தருகிறது. அங்கே பேட்டரி செத்தால் இன்ஜினும் செத்தது. பாலத்தில் ஆஃப் ஆன அந்த புல்லட்டின் பிரச்சினையும் அதுதான்.

சென்னைக் காற்றும் வெள்ளமும்

பெசன்ட் நகர், சாந்தோம், பட்டினப்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜன்னல் கம்பியைத் தின்கிற உப்புக்காற்று செம்பு வயரை விட்டுவைக்குமா?

வெளியே இருந்து பார்த்தால் வயர் நன்றாகத்தான் இருக்கும். நுனியைக் கொஞ்சம் சீவிப் பாருங்கள். செம்பு பளபளவென்று இருந்தால் சரி. கருத்தோ, பச்சைப் பொடி பூத்தோ இருந்தால் அந்த வயர் உள்ளுக்குள் அரித்துப்போச்சு. இன்னும் இரண்டு அங்குலம் தள்ளி வெட்டிப் பாருங்கள். அங்கேயும் கருப்பாக இருந்தால் ஒட்டுப்போட்டுப் பிரயோஜனம் இல்லை, முழு வயரையும் மாற்றணும்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் தண்ணீரில் நின்ற வண்டிகள் எத்தனையோ. இன்ஜினில் ஆயில் மாற்றினார்கள், கார்புரேட்டர் கழற்றினார்கள், பிளக் துடைத்தார்கள். கப்ளர்களுக்குள் புகுந்த தண்ணீரை யாரும் நினைக்கவில்லை. அது ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கழித்துத்தான் வேலையைக் காட்டும். வெள்ளத்தில் நின்ற பழைய வண்டியை வாங்கியிருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கப்ளர்களைத்தான்.

ஸ்பேனருக்கு முன்னாடி மல்டிமீட்டர்

ரிச்சி தெருவுக்குப் போனால் சில நூறு ரூபாயில் டிஜிட்டல் மல்டிமீட்டர் கிடைக்கும். பழைய வண்டி வைத்திருப்பவர் வீட்டில் ஹெல்மெட்டுக்கு அடுத்து இருக்க வேண்டிய பொருள் இது. தப்பான பாகங்களை வாங்காமல் தடுப்பதில் முதல் தடவையிலேயே அதன் விலை திரும்பி வந்துவிடும்.

ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் பண்ணாமல் பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 12 வோல்ட் பேட்டரி என்றால் 12.6-க்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. "12 காட்டுதே, அப்புறம் என்ன?" என்று கேட்கக்கூடாது. பெயர்தான் 12, பன்னிரண்டில் அது பட்டினி. 6 வோல்ட் பேட்டரிக்கு இதே கணக்கு பாதி: 6.3-க்கு மேல் நல்லது, 6.0 என்றால் காலி.

அடுத்து ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கி, நடுத்தர வேகத்தில் வைத்து அளக்கணும். 13.8-லிருந்து 14.5-க்குள் வந்தால் சார்ஜிங் ஆரோக்கியமாக இருக்கு. 6 வோல்ட்டில் ஏறத்தாழ 7 முதல் 7.4. ஸ்டார்ட் பண்ணும் முன் இருந்த அளவே அசையாமல் நின்றால் சார்ஜ் வரவில்லை. 15-ஐத் தாண்டி ஏறினால் ரெகுலேட்டர் போச்சு. அது பேட்டரியைக் கொதிக்க வைக்கும், ஆசிட் ஆவி சைலன்சர் குரோமையும் சேஸிஸையும் அரிக்கும், பல்பு ஒவ்வொன்றாகப் போகும்.

சார்ஜ் வரவில்லை என்று தெரிந்தால், காயிலிலிருந்து வரும் கப்ளரைக் கழற்றி, மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, இன்ஜினை ஓட்டி அளக்க வேண்டும். கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், லோடு இல்லாதபோது இது ஐம்பதைத் தாண்டிக்கூட போகும். முறுக்க முறுக்க எண் ஏறினால் காயிலுக்கு உயிர் இருக்கு, கோளாறு அதற்குப் பின்னால், ரெக்டிஃபையரிலோ வயரிலோ. ஏறவே இல்லை என்றால் காயில் அவுட்.

இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு காயில் முனைகளுக்கு நடுவில் ஓம் அளவு பாருங்கள். ரொம்பக் குறைவாக, பெரும்பாலும் ஒன்றிரண்டு ஓமுக்குள் இருக்கும். ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயில் அறுந்திருக்கு. காயில் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் கடைசிச் சோதனையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு பெரிய வில்லங்கத்துக்கு இதுதான் சாவி.

எர்த்: எல்லாரும் மறக்கிற ஆள்

பழைய வண்டியில் பாதி மின்கோளாறு எர்த்தில்தான் என்று ஷெட்டில் சொல்வார்கள். மிகையாகத் தெரியலாம், ஆனால் சோதித்துப் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள்.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும், மறுமுனையை இன்ஜினின் சுத்தமான உலோகத்திலும் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டு, வண்டியை ஓட்டி அளந்து பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்கணும். அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் கரண்ட் திரும்பி வரும் பாதையில் துரு அல்லது பெயின்ட். வண்டியைப் புதுசாக பெயின்ட் அடித்தவர்கள் கவனிக்க: பவுடர் கோட்டிங் கரண்டைக் கடத்தாது! ஜம்மென்று ரெஸ்டோர் பண்ணிய வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம். பேட்டரி மைனஸிலிருந்து இன்ஜினுக்கு ஒன்று, சேஸிஸுக்கு ஒன்று, ஹெட்லைட் கிண்ணத்துக்கு ஒன்று என்று தனித்தனி எர்த் வயர் இழுத்துவிட்டால் நிம்மதி.

இன்னொரு பழைய பழக்கம்: பிரிட்டிஷ் வண்டிகளில் பிளஸ்ஸை எர்த் செய்வார்கள். ரெட்டிச்சில் செய்த வண்டியோ, அந்தக் கால பி.எஸ்.ஏ., ட்ரையம்ஃபோ கையில் இருந்தால், முதலில் பேட்டரியின் எந்த முனை உடம்போடு சேர்ந்திருக்கு என்று பாருங்கள். பிளஸ் எர்த் வண்டியில் சாதாரண ஆர்.ஆர். யூனிட்டைப் பொருத்தினால் ஒரு நொடியில் புகை வரும்.

என் சித்தப்பா வண்டிக்கு நடந்தது

இந்தக் கட்டுரை எழுதக் காரணமே இதுதான். மந்தைவெளியில் சித்தப்பாவிடம் ஒரு பழைய 100 சிசி வண்டி. அதில் ஹெட்லைட் நேரடியாக காயில் கரண்டில் எரியும். முறுக்கினால் பிரகாசம், சிக்னலில் நின்றால் மங்கல். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இப்படித்தான்.

"எல்.இ.டி. போடணும்னா முழுக்க டி.சி. ஆக்கணும் சார்" என்று ஒரு மெக்கானிக் சொல்ல, புது வண்டியோட ஆர்.ஆர். யூனிட் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். இரண்டு வாரம் லைட் பிரமாதம். மூன்றாவது வாரம் ஒரு கருகல் வாடை. கவரைக் கழற்றினால் காயில் கரிக்கட்டை.

நடந்தது என்ன? அந்த மாதிரிப் பழைய வண்டிகளில் காயிலின் ஒரு முனை இன்ஜின் உடம்பிலேயே எர்த் ஆகியிருக்கும். அப்போதுதான் ஹெட்லைட்டுக்கு ஒற்றை வயர் போதும். புது வகை யூனிட்டுக்குள் இருப்பது நாலு டயோடு கொண்ட முழு அலை ரெக்டிஃபையர். அதன் மைனஸும் உடம்போடு சேர்ந்தது. இப்போது கரண்ட் ஒரு திசையில் ஓடும்போது ஒழுங்காக பேட்டரிக்குப் போகும். மறு திசையில் ஓடும்போது காயிலின் இரண்டு முனையும் ஒரு டயோடு வழியாக, உடம்பு வழியாக, நேரடியாக ஒன்றோடு ஒன்று சேர்ந்துவிடும். அதாவது ஒவ்வொரு சுற்றிலும் பாதி நேரம் ஷார்ட் சர்க்யூட். காயில் சூடாகி, வார்னிஷ் உருகி, கடைசியில் கருகும்.

சரியான வழி, காயிலின் அந்த எர்த் முனையை உடம்பிலிருந்து பிரித்து, தனி வயராக வெளியே கொண்டுவந்து, இரண்டு முனைகளையும் யூனிட்டுக்குத் தருவது. ஷெட் பாஷையில் 'காயில் எர்த்தைத் தூக்கணும்'. மேலே சொன்ன கடைசிச் சோதனை இதற்குத்தான்: எர்த்தைத் தூக்கிய பிறகு காயிலுக்கும் இன்ஜின் உடம்புக்கும் தொடர்பே இருக்கக்கூடாது.

கவனம், லைட்டுக்கான காயிலின் எர்த்தைத்தான் தூக்க வேண்டும். தீப்பொறிக்கான காயில் தனி, அதைத் தொட்டால் வண்டியே ஸ்டார்ட் ஆகாது. "டி.சி. கன்வர்ஷன்" பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால், "காயில் எர்த்தைத் தூக்குவீங்களா அண்ணா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

6 வோல்ட்டை 12 ஆக்கலாமா?

ஆக்கலாம், ஆக்கினால் நல்லதும்கூட. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு. 35 வாட் ஹெட்லைட் 6 வோல்ட்டில் எரிய கிட்டத்தட்ட 5.8 ஆம்ப் வேண்டும். 12 வோல்ட்டில் 2.9 ஆம்ப் போதும். பழைய சுவிட்ச், வயர் எல்லாம் சேர்ந்து 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 6 வோல்ட்டில் அரை வோல்ட்டுக்கு மேல், ஏறத்தாழ 10 சதவீதம், வழியிலேயே போய்விடும். 12 வோல்ட்டில் போவது இரண்டரை சதவீதம்கூட இல்லை. இழை பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் அளவுக்குக் குறையும். "6 வோல்ட் லைட் மெழுகுவர்த்தி மாதிரி" என்று தாத்தாக்கள் சொன்னதில் விஷயம் இருக்கு.

நிரந்தரக் காந்தம் வைத்த ஆல்டர்னேட்டரில் மேல் வேகத்தில் 12 வோல்ட்டுக்கு வேண்டியது ஏற்கெனவே கிடைக்கிறது. பொருத்தமான ரெகுலேட்டர் போட்டால் பல வண்டிகளில் பழைய காயிலோடே ஓட்டலாம். ஆனால் சார்ஜ் ஆரம்பிக்கவே கொஞ்சம் அதிக வேகம் வேண்டும். ஹைவேயில் பிரச்சினை இல்லை. தி.நகர் உஸ்மான் சாலையில் ஐடிலிங்கில் நகர்ந்துகொண்டே இருப்பவருக்கு இது பலன் தருமா என்பது சந்தேகம்தான். டைனமோ வண்டிகளுக்கும் 12 வோல்ட் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் போடுகிறார்கள், அங்கேயும் இதே நிபந்தனை.

மாற்றும்போது பேட்டரியோடு நின்றுவிடக்கூடாது. பல்பு எல்லாம், ஹார்ன், இண்டிகேட்டர் ஃபிளாஷர், பேட்டரியில் ஓடும் வண்டி என்றால் இக்னிஷன் காயில், எல்லாமே 12 வோல்ட்டுக்கு மாற வேண்டும். ஸ்பீடோமீட்டர் பல்பை மறந்துவிட்டு அதை ஃப்யூஸ் ஆக்காதவர் அபூர்வம்.

வயரிங் வேலை: எங்கே கை வைக்கணும், எங்கே கூடாது

பழசைப் பிடுங்கி எறிவதற்கு முன் போன் கேமராவில் ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வயர் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நாற்பது வருஷத்தில் எத்தனை கை பட்டிருக்கும், சிவப்பு இருந்த இடத்தில் கையில் கிடைத்த நீலத்தைப் போட்டிருப்பார்கள்.

முதல் வேலை பேட்டரி மைனஸைக் கழற்றுவது. கடைசி வேலை அதை மாட்டுவது. நடுவில் எக்காரணம் கொண்டும் இதை மாற்றாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி "சார்ஜ் வருதா பார்" என்று சோதிக்கும் பழைய வித்தை ஒன்று உண்டு. வோல்டேஜ் எகிறி பல்புகளையும் எலக்ட்ரானிக் பாகங்களையும் ஒரே அடியில் காலி பண்ணும் வித்தை அது.

வீட்டு வயரிங்கில் போடும் ஒற்றைக் கம்பி வயரை வண்டியில் போடாதீர்கள். அதிர்வில் உடையும். பல இழை கொண்ட ஆட்டோ வயர்தான் வேண்டும். சார்ஜிங் மெயின் லைனுக்கு 2.5 சதுர மி.மீ., ஹெட்லைட்டுக்கு 1.5, இண்டிகேட்டர் மாதிரியான சின்ன வேலைக்கு 0.75 அல்லது 1 என்று வைத்துக்கொண்டால் தவறாது. முறுக்கி டேப் சுற்றுவது வயரிங் இல்லை, நம்ம ஊர் வெயிலில் அந்தப் பசை ஆறு மாதத்தில் இளகி வழியும். டெர்மினல் வைத்து இறுக்கி, சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடுங்கள். சால்டர் வைப்பவர்கள் அதன் அடியில் வயர் ஆடாமல் கட்டிவைக்க வேண்டும். சால்டர் முடியும் இடத்தில்தான் இழை உடையும்.

ஃபியூஸ். பழைய வண்டிகள் பலவற்றில் ஒன்றுதான் இருக்கும், சிலவற்றில் அதுவும் இருக்காது, இருந்த இடத்தில் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாள் சுற்றியிருக்கும்! பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும், சின்ன வண்டிக்கு 15 ஆம்ப் போதும். ஃபியூஸ் தூரத்தில் இருந்தால் அதற்கு முன்னால் உள்ள வயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்ற யாரும் இல்லை. மேலே பெட்ரோல் டேங்க் இருக்கிறது என்பதை ஞாபகம் வையுங்கள்.

பழைய புல்லட்டில் ஹெட்லைட் பக்கத்தில் இருக்கும் ஆம்மீட்டரையும் பாருங்கள். முள் ஆடுவதைப் பார்ப்பது ஒரு சுகம்தான். ஆனால் சார்ஜ் கரண்ட் முழுக்க அதன் பின்னால் இருக்கும் இரண்டு சின்ன நட்டு வழியாகப் போகிறது. நட்டு தளர்ந்தால் அங்கே சூடேறி வயர் உருகும். வருஷத்துக்கு ஒரு தடவை இறுக்குங்கள்.

ஆர்.ஆர். யூனிட்டை எங்கே வைப்பது? அழகாகத் தெரியக்கூடாது என்று பலர் சைடு கவருக்குள் ஒளித்துவைப்பார்கள். சாதாரண ஷன்ட் வகை யூனிட், தேவைக்கு மிஞ்சிய கரண்டை ஷார்ட் செய்து சமாளிக்கிறது. அதில் அதுவும் சூடாகும், காயிலும் சூடாகும். அதனால் உலோகத்தோடு ஒட்டி, காற்று படுகிற இடத்தில் இருக்க வேண்டும்.

பாகங்கள் வாங்கும்போது

ஜி.பி. ரோட்டில் புதுசு கிடைக்கும், புதுப்பேட்டையில் பழசு கிடைக்கும். புதுப்பேட்டையில் காயில் வாங்கினால் மல்டிமீட்டரைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே ஓம் பார்த்து வாங்குங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். வார்னிஷ் கருத்திருந்தால் வேண்டாம். லித்தியம் பேட்டரி எடை குறைவு என்று ஆசைப்படுபவர்கள், ரெகுலேட்டர் 14.5-க்குள் நிற்கிறதா என்று உறுதி செய்யாமல் வாங்கக்கூடாது. ரெகுலேட்டரே இல்லாத வண்டியில் லித்தியம் வைப்பது ஆபத்து.

எல்.இ.டி. பல்பு விஷயத்தில் ஒரு நியாயம். கரண்ட் மிச்சமாவது உண்மை. ஆனால் இழை பல்புக்காகச் செய்த பழைய ரிஃப்ளெக்டரில் கண்ட எல்.இ.டி.யைச் செருகினால் வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் விழும். டெயில் லைட், இண்டிகேட்டரில் போட்டு மிச்சம் பிடியுங்கள், ஹெட்லைட்டை நல்ல ஹாலஜனிலேயே விடுங்கள் என்பது என் கருத்து.

ஆர்.டி.ஓ. ஆபீஸில் இது பிரச்சினை ஆகுமா?

சொந்த உபயோக வண்டியின் ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். பிறகு சோதனைக்குக் காட்டி, 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். மந்தைவெளி ஆபீஸோ, திருவான்மியூர் ஆபீஸோ, லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், ஹார்ன் வேலை செய்கிறதா என்று கேட்பார்கள். சார்ஜிங் சரியில்லாத வண்டி இங்கேதான் மாட்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்களும் கம்பெனி தந்த அமைப்பும் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. பழுதான வயரிங்கையும் ரெக்டிஃபையரையும் மாற்றுவது ரிப்பேர் வேலை. இன்ஜின், சேஸிஸ் மாற்றம்தான் வில்லங்கம். 2017 ஏப்ரல் 1 முதல் வந்த புது டூவீலர்களில் ஸ்டார்ட் பண்ணினாலே ஹெட்லைட் எரியும். பழைய வண்டியில் இதைப் பார்த்துப் பகலிலும் லைட் போட்டு ஓட்ட விரும்பினால், முதலில் உங்கள் காயிலுக்கு அந்தத் தெம்பு இருக்கா என்று பாருங்கள். ஹெட்லைட் 35 வாட், டெயில் 5 வாட், இக்னிஷனுக்குச் சுமார் 25 வாட். இதிலேயே 65 வாட் ஆச்சு. காயில் தருவது இதைவிடக் குறைவென்றால் மீதி பேட்டரியிலிருந்துதான் போகும்.

வேலை முடிந்த பிறகு

உடனே நீண்ட பயணம் வேண்டாம். ஐடிலிங்கில், நடு வேகத்தில், லைட் போட்டு, லைட் இல்லாமல் என்று நாலு நிலையிலும் வோல்டேஜை எழுதி வையுங்கள். பத்து நிமிஷம் ஓட்டிவிட்டு வந்து ஒவ்வொரு கப்ளரையும் கையால் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அங்கே இணைப்பு சரியில்லை. சாவியை எடுத்த பிறகு பேட்டரி மைனஸைக் கழற்றி, அதற்கும் வயருக்கும் நடுவில் மீட்டரை ஆம்ப்பில் வைத்துப் பாருங்கள். எலக்ட்ரானிக் சாமான் இல்லாத பழைய வண்டியில் பூஜ்யம் காட்டணும். ஏதாவது எண் தெரிந்தால் எங்கேயோ கசிகிறது, பெரும்பாலும் ரெக்டிஃபையர்தான்.

முதல் வாரம் முழுக்கத் தினமும் காலையில் ஒரு தடவை பேட்டரி அளவைப் பாருங்கள். சித்தப்பா இப்போது அந்த எண்களை மாதக் காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதுகிறார். புதுக் காயில், எர்த் தூக்கியது, 14.2 வோல்ட். நேற்றுக் காலை 12.7.